ஆட்டுக்கென்று ஒளித்த மருந்து

லெட்சுமணனின் முதல் பிள்ளையையும் இரண்டாவதையும் நான்தான் பிரசவம் பார்த்து எடுத்தேன். இரண்டும் ஆண். இரண்டும் நடக்கிற வயதுவரை இருந்தன. பிறகு முகம் வெளிறி, வயிறு முன்னுக்குத் தள்ளி, மண்ணைக் கிள்ளித் தின்று, ஒரு மழைக்காலத்தில் ஒன்றும் அடுத்த மழைக்காலத்தில் மற்றதுமாகப் போய்விட்டன. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அதைச் சோகை என்பார்கள், காத்து கறுப்பு என்பார்கள். உண்மையில் அது கொக்கிப்புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவரின் பாதத்தைத் துளைத்து ஏறி, குடலில் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கும். கக்கூஸ் இல்லாத லயங்களில் அதற்குக் குறைவே இல்லை.

நான் கண்டியில் பிள்ளைப்பேறும் நோயாளர் பராமரிப்பும் படித்துவிட்டு, ஹந்தானை மலையில் இருந்த அந்தத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. டிஸ்பென்சர் அம்பலவாணர் யாழ்ப்பாணத்து மனிதர். மருந்து கொடுப்பது அவர், மருந்து அலுமாரிச் சாவி என்னிடம்.

லெட்சுமணன் கவ்வாத்துக்காரன், தேயிலைச் செடியை வெட்டிச் சமன் செய்கிறவன். மாசி மாதம் காமன் கூத்து வந்தால் ரதிக்கும் மன்மதனுக்கும் அவன்தான் முகம் எழுதுவான். மாரியம்மன் கோயில் சுவரில் இருந்த சிங்கமும் அவன் வரைந்தது. அதைப் பார்த்து லயத்தில் அவனுக்கு அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், இருந்த மூக்காயி, “ஏன்டா, இது அம்மன் சிங்கமா, நம்ம பெரிய கங்காணியா?” என்று கேட்டாள். மீசை, ஆட்களை வேலை வாங்கும் கங்காணியுடையதுதான். அவருக்கு மட்டும் அது தெரியவில்லை.

1925ஆம் வருடம் கண்டியில் இருந்த புழு ஒழிப்பு அலுவலகத்திலிருந்து, எங்கள் வாயில் கந்தோரிலிருந்து, விளக்குப் படம் காட்ட வந்தார்கள். ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, கண்ணாடித் தகட்டில் எழுதிய படத்தை விளக்கு வெளிச்சத்தில் பெரிதாக விழுத்துவார்கள். படத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தொப்பியும் காலுறையும் போட்ட வெளிநாட்டுக் குடியானவர்கள். எங்கள் சனம் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சப்பாத்துப் போட்ட வெள்ளைக்காரனுக்கே புழு வருமென்றால் நமக்கென்ன என்று எழுந்து போய்விட்டது.

விளக்கைப் பிடித்தவர் அலவத்துகொடையைச் சேர்ந்த பாரூக் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் சாமானைக் கட்டும்போது சொன்னார்: “இந்தப் படம் சரிவராதுண்டு எங்கட டாக்டர் தொரைக்கும் தெரியும். இங்கத்த ஆக்களப் போல படம் எழுதி, தமிழ்ல கதையும் சொல்ற ஒரு ஆளத் தேடுறாரு. ஆரும் ஈந்தா அனுப்புங்க.”

லெட்சுமணனை நான் அனுப்பவில்லை. அவனே போனான். முதலில் தாளில் வரைந்து கொடுத்தான். பிறகு கந்தோருக்குக் கூப்பிட்டுக் கண்ணாடியில் எழுதச் சொன்னார்கள். வந்த ஆட்களில் பலர் அங்கேயே கழிந்தார்கள். கடைசி நேர்முகப் பரீட்சைக்கு நின்றவர்கள் இரண்டே பேர்: லெட்சுமணனும், கெலிஓயாப் பள்ளிக்கூடத்துச் சித்திர வாத்தியாரும். பெரிய டாக்டர் துரையின் முன்னால் அவரவர் படங்களைப் போட்டுக் கதை சொல்ல வேண்டும், அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். தேறியவனுக்கு டவுனில் ஒரு அறை உண்டு. அறைக்குப் பின்னால் குழி கக்கூஸ் உண்டு.

அவனுக்கு வேண்டியது அந்த அறை. அவன் பெண்சாதி பாலம்மா மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். “இது அந்த மண்ணுல தவழக் கூடாது நர்சம்மா” என்று என்னிடம் சொன்னான். அதற்கு மேல் அவன் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தோட்டத்துச் சனத்துக்கு இது நல்ல வேடிக்கை. கண்ணாடித் தகடுகளைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு அவன் மலை இறங்கும்போதெல்லாம், “மாப்ள டவுனுக்குக் கண்ணாடி பாக்கப் போறாரு” என்று கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து கத்துவார்கள். மலப் பரிசோதனைக்குக் கந்தோர் கொடுத்த சின்னத் தகர டப்பாவோடு அவன் போன அன்று மூக்காயி, “என்னடா, தொரைக்குச் சீர்வரிசையா?” என்று கேட்டுவிட்டுத் தானே சிரிக்க மாட்டாமல் சிரித்தாள்.

அந்த டப்பாதான் சங்கடம். புழுவைப் பற்றிப் பேசப்போகிறவன் வயிற்றில் புழு இருக்கக் கூடாது என்பது துரையின் கட்டளை. அதற்குக் கொஞ்சம் முன்னர்தான் தோட்டம் முழுவதற்கும் மருந்து கொடுத்திருந்தோம். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு எண்ணெய் அடைத்த வழவழப்பான உருண்டை கொடுப்பது. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். பின்னர், மருந்து உடம்பில் தங்காமல் வெளியேறப் பேதி உப்பு. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிப் பழகிய வாய்களுக்கு ஓர் உருண்டையை ஒதுக்குவது வேலையே இல்லை. வரிசையை விட்டுப் போனதும் துப்பி, துடைத்து, முந்தானையில் முடிந்துகொள்வார்கள். வீசமாட்டார்கள். துரை கொடுத்த மருந்து, ஆட்டுக்குப் பூச்சி விழுந்தால் உதவும் என்று பத்திரப்படுத்துவார்கள். யார் யார் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

லெட்சுமணன் தன் பங்கை ஒழுங்காக விழுங்கியிருந்தான். ஆனாலும் டப்பா திரும்பி வந்தபோது புழு முட்டை இருக்கிறதென்று எழுதியிருந்தது. ஒரே தடவையில் எல்லாம் போவதில்லை.

“குறைஞ்சிருக்கு, முழுக்கப் போகேல்லை” என்றார் அம்பலவாணர். “இன்னொருக்கா தரத்தான் வேணும். ஆனா இப்ப இல்லை. இது விளையாட்டு மருந்து இல்லை லெட்சுமணன், கிட்டக்கிட்டக் குடிச்சா ஆளைக் கொண்டுபோடும்.”

“அதுக்கு முந்திப் பரீட்ச வந்துருதுங்களே ஐயா.”

“ஓம், தெரியும். மருந்து நடக்குது, கெதியில சுகம் வரும் எண்டு துரைக்கு நான் எழுதித் தாறன். அவர் டாக்டர்தானே, விளங்கும்.”

“சரிங்க” என்றான். அவன் முகத்தைப் பார்த்தபோதே எனக்கு அது சரியாகப் படவில்லை. வாத்தியார் சப்பாத்துப் போடுகிறவர். அவர் டப்பா சுத்தமாக இருக்கும். தான் மட்டும் ஒரு கடிதத்தோடு போய் நிற்பதா என்று அவன் யோசித்திருக்க வேண்டும்.

அன்று பின்னேரம் அவன் மூக்காயி வாசலுக்குப் போயிருக்கிறான். பாலம்மா அந்தப் பேச்சைப் பிறகு எனக்கு அப்படியே சொன்னாள்.

“பெரியாயி, ஆட்டுக்கு வச்சிருக்கியே, அத எனக்குக் குடு.”

“எதுக்குடா?”

“எல்லாம் குடிக்கத்தான்.”

“ஒனக்கும் ஆட்டுக்கும் என்ன வித்தியாசம், ரெண்டும் தழையிலதான் பொழப்பு. இந்தா, எடுத்துக்க. ஆட்டுக்கு நான் வேப்பெல குடுத்துக்கறேன்.”

அவள் கெட்ட மனத்தோடு கொடுக்கவில்லை. அப்படியே இன்னும் சில வாசல்களுக்கும் போனான். எல்லாரும் கொடுத்தார்கள். அடுத்த நாள் வெறும் வயிற்றில் அவ்வளவையும் விழுங்கினான். பேதி உப்பைக் குடிக்கவில்லை. குடித்தால் நாள் முழுக்க லயத்துக்குப் பின்னால் ஓட வேண்டும், எழுதி முடிக்கக் கண்ணாடி இருந்தது.

பாலம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடிவந்தபோது நான் ஒரு புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். போய்ப் பார்த்தால், அவன் சுவரைப் பிடித்து எழும்பப் பார்க்கிறான், கால் இரண்டு பக்கமும் போகிறது. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. “காதுக்குள்ள வண்டு, வண்டு” என்கிறான். வாயில் அந்த எண்ணெய் நாற்றம். நான் பாலம்மாவிடம் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. உப்பைக் கரைத்துப் புகட்டினேன், கடுங்கோப்பி கொடுத்தேன், கம்பளியால் மூடி கை கால்களைத் தேய்க்க ஆட்களை வைத்தேன். அம்பலவாணர் வந்து நாடியைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார்.

“உயிர் தப்பும்” என்றார் கடைசியில். “மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்.”

மிச்சம் என்னவென்று அவன் எழும்பி உட்கார்ந்த அன்று தெரிந்தது. கஞ்சியை வாங்கிக்கொண்டு எங்கள் எல்லாரையும் பார்த்து, “ஏன் இப்படி வாய மட்டும் அசைக்கிறீங்க? சத்தமாத்தான் பேசுங்களேன்” என்று கத்தினான். பக்கத்திலிருந்த மூக்காயி அவன் காதுக்குள் வாயை வைத்துக் கூவினாள். அவன் திரும்பி அவள் வாயையே பார்த்தான். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

காது திரும்புமா என்று பாலம்மா கேட்டாள். திரும்பாது என்றேன். நம்பிக்கை சொல்லி ஆளை இழுத்தடிப்பது என் பழக்கமில்லை.

அவன் டப்பாவை மறுபடி அனுப்பினான். இந்த முறை சுத்தம். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் போறேன்” என்றான்.

“எங்க போற? கேள்வி கேட்டா என்ன சொல்லுவ?” என்று பாலம்மா அழுதாள். அவனுக்கு அழுகை தெரிந்தது, கேள்வி தெரியவில்லை. நான் அவன் முகத்துக்கு நேரே நின்று, ஒவ்வொரு சொல்லாக வாயை விரித்துச் சொன்னேன். இரண்டாம் தடவையில் பிடித்துக்கொண்டான். அப்படியானால் வழி இருக்கிறது என்று நினைத்தேன்.

பாரூக் நானாவுக்குச் சொல்லியனுப்பினேன். வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “யா அல்லாஹ், இதென்ன வேல பாத்தீங்க லெட்சுமணன்!” பிறகு உட்கார்ந்து யோசித்தார். “தொர மதராசுல ஈந்தவரு, தமிழ்லதான் கேப்பாரு. ஆர் வந்தாலும் கேக்கிறது ஒரே கேள்விதான். புழு எப்படி உள்ளுக்குப் போகுது? மருந்தால ஆள் சாகுமா? செருப்பு வாங்கக் காசில்லாதவன் என்ன செய்யணும்? அவ்வளவுதான். இதப் பாடமாக்கி வெச்சா போதும்.”

பாடமாக்கினோம். காம்பராவுக்கு வெளியே வெளிச்சத்தில் நான் துரையாகக் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பேன். பாரூக் நானா தன் கோட்டை எனக்குப் போட்டுவிட்டார். அது என்னை இரண்டு சுற்றுச் சுற்றியது. நான் வாயை அசைப்பேன், அவன் பார்த்துப் பதில் சொல்வான். காது போனவர்கள் கத்திப் பேசுவார்கள். பாலம்மா ஒரு மூலையில் நின்று கையைத் தாழ்த்தினால் குரலைத் தாழ்த்த வேண்டும். கொழுந்துக்குப் போய்வந்த பெண்கள் நின்று பார்ப்பார்கள். “நர்சம்மா துர, எனக்கும் ஒரு வேல குடுங்க” என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரிக்க, அவர்கள் சிரிப்பைப் பார்த்து அவனும் சிரித்தான். பரீட்சை நெருங்கியபோது முன்பின் தெரியாதவர்கள் அவனுக்குக் காது கேட்கிறதென்றே நினைத்திருப்பார்கள். நாங்கள் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தோம்.

ஒன்றை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை, வருடக்கணக்காக விளக்குப் பிடித்த பாரூக் நானா உட்பட. படம் காட்ட வேண்டுமென்றால் அறையை இருட்டாக்க வேண்டும்.

பரீட்சைக்கு நான் அவனோடு போனேன். அவனுடைய மருத்துவச் சீட்டைக் கொடுக்கத் தோட்டத்திலிருந்து ஆள் வரவேண்டும் என்று சட்டம். காலையில் மழை. மலைப்பாதையில் இறங்கும்போது தகடுகளைத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். கந்தோர் ஒரு கடையின் மேல்மாடியில் இருந்தது. வாத்தியார் தன் முறையை முடித்துவிட்டு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், எங்களுக்கு இடம்விட்டுத் தள்ளி இருந்தார். லெட்சுமணனை உள்ளே கூப்பிட்டார்கள். துரை நரைமீசைக்காரர். ஜன்னல்களில் கறுப்புக் கம்பளிகள் தொங்கின. பாரூக் நானா கடைசிக் கம்பளியை இழுத்துவிட்டபோதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கியது. அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் இருட்டிவிட்டது.

லெட்சுமணன் கதையைத் தொடங்கினான். அவன் பேச்சை நான் எத்தனையோ முறை கேட்டிருந்தேன், அன்றுபோல் கேட்டதில்லை. திரையில் எங்கள் லயம். பின்னால் ஈரமண். அதில் ஒரு தாய் பிள்ளையைக் கைபிடித்துக் கூட்டிப்போகிறாள். அடுத்த தகட்டில் புழு, பெரிய கங்காணியின் மீசையோடு.

“இவரப் பாருங்க. வயித்துக்குள்ள குடியிருக்காரு. வாடக கெடையாது. நாம தின்னா இவருக்குச் சாப்பாடு, நாம தின்னாட்டி நாமளே இவருக்குச் சாப்பாடு.”

துரை சத்தமாகச் சிரித்தார். வாசலில் எட்டிப்பார்த்த கந்தோர்ப் பியூன்களும் சிரித்தார்கள். அடுத்தது இரண்டு பிள்ளைகளின் படம். முகங்களை நான் அடையாளம் கண்டேன்.

“நிறுத்து” என்றார் துரை. “இந்தப் பிள்ளைக்கு என்ன வயது?”

அவன் நிறுத்தவில்லை. துரை மறுபடி கேட்டார். அவன் மண் தின்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனான். பாரூக் நானா என்ன செய்வதென்று தெரியாமல் தகட்டை மாற்றாமல் நிறுத்திக்கொண்டார். படம் மாறாததைக் கண்ட லெட்சுமணன், விளக்கில் ஏதோ சிக்கல் என்று எண்ணி, சமாளிப்பதற்காக அதே படத்தின் கதையை வேறு சொற்களில் இரண்டாம் முறை சொல்லத் தொடங்கினான். யாரும் சிரிக்கவில்லை.

துரை கம்பளியை விலக்கச் சொன்னார். எழுந்து அவன் பின்னால் போய், மேசையில் இருந்த மணியை எடுத்து அவன் தலைக்குப் பக்கத்தில் அடித்தார். லெட்சுமணன் திரையைப் பார்த்தபடியே நின்றான்.

“எப்போதிருந்து?” என்று என்னிடம் கேட்டார்.

சொன்னேன். மருந்து அளவுக்கு மேலே போய்விட்டது என்பதையும் சொன்னேன். டாக்டரிடம் மறைத்து என்ன பயன்.

அவர் மணியை மேசையில் வைத்தார். பிறகு அவன் முன்னால் வந்து நின்றார். மீசை உதட்டை மூடியிருந்தது; அவர் சொல்வதை நான் அவனுக்கு நேரே நின்று திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

“படம் எழுதக் காது வேண்டாம். நீ எழுது, வாத்தியார் பேசட்டும். இரண்டு பேரையும் எடுக்கிறேன்.”

அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் துரை அலுமாரியைத் திறந்து ஓர் உருண்டையை எடுத்து அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

“உனக்கு மீதி மருந்து கொடுத்தது யார்? அவர்கள் குடிக்கவில்லை. அவர்கள் வயிற்றில் புழு இருக்கிறது. பெயர்களைச் சொல். நான் உங்கள் தோட்டத் துரைக்கு எழுத வேண்டும்.”

தோட்டத் துரை என்ன செய்வார் என்று எங்களுக்குத் தெரியும். பெரட்டில் நிறுத்திப் பெயர் வெட்டுவார்; அதாவது வேலை இல்லை, அரிசி இல்லை. மூக்காயிதான் முதல் ஆள். நான் துரையின் கேள்வியைக் கூட்டாமல் குறைக்காமல் அவனுக்குச் சொன்னேன்.

அவன் அந்த உருண்டையைப் பார்த்தான். “ஒருத்தரும் குடுக்கலீங்க. டிஸ்பென்சரி அலுமாரியில நாந்தான் திருடினேன்.”

துரை பியூனைப் பார்த்துப் பொலிசைக் கூப்பிடச் சொன்னார்.

“அலுமாரிச் சாவி என்னிடம் இருக்கிறது” என்றேன். “மருந்தும் சரியாக இருக்கிறது. ஆள் அனுப்பிப் பாருங்கள். இவன் திருடவில்லை.”

“அப்படியானால் பொய் சொல்கிறான்.”

“ஆமாம்.”

வேறென்ன சொல்வது? திருடன் என்றால் அவனை மறியலில் அடைப்பார்கள், பாலம்மா பிள்ளையைத் தனியே பெறுவாள், அம்பலவாணர் வேலையை இழப்பார். இன்றும் அந்த இடத்தில் நின்றால் அதையே சொல்வேன். துரை இன்னொரு முறை அவனிடம் உருண்டையைக் காட்டினார். அவன் தலையை ஆட்டினான். பொய் சொல்லி மருந்தை மறைப்பவனை மருந்துக் கந்தோரில் வைக்க முடியாது என்றார் துரை. கோபமாகச் சொல்லவில்லை. தகடுகள் கந்தோருடையவை, அவை அங்கேயே இருக்கும், வாத்தியார் அவற்றைக் காட்டுவார் என்றார்.

படியில் பாரூக் நானா பின்னால் ஓடிவந்தார். அவருக்கு ஆத்திரம். “பேரச் சொன்னா என்ன? அந்த ஆக்களா ஒங்களுக்குச் சோறு போடுற?” நான் அதையும் லெட்சுமணனுக்குச் சொன்னேன்.

“வேல வந்தாலும் அற குடுக்க அடுத்த மாசம் ஆகும் நானா” என்றான் அவன். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக. “பாலம்மாவுக்கு நாள் நெருங்கிருச்சு. மூக்காயி பேர வெட்டவச்சிட்டு லயத்துக்குப் போனா, எவ வந்து சுடுதண்ணி வைப்பா? நர்சம்மா ஒரு ஆளு. போன ரெண்டு தடவையும் அவளுகதான் பாலம்மாவத் தூக்கிப் பிடிச்சாளுக.”

பாரூக் நானா பக்கத்துக் கடைக்குப் போனார். பாலம்மாவுக்கென்று ஒரு பாண் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு மாடிக்குத் திரும்பினார்.

மலை ஏறும்போது லெட்சுமணன் என்னைக் கேட்டது ஒன்றுதான். “கங்காணி மீசைக்குச் சிரிச்சாங்களா?”

“சிரித்தார்கள்.”

“தொரயும்?”

“அவரும்தான்.”

பாலம்மாவுக்கு வலி எடுத்தது அடுத்த கிழமை. மூக்காயி வந்தாள், மற்றவர்களும் வந்தார்கள். தண்ணீர் வைத்தார்கள், முதுகைப் பிடித்தார்கள். யாரும் மருந்தைப் பற்றிப் பேசவில்லை. பேச்சு இல்லாத அப்படியொரு பிரசவத்தை அந்த லயத்தில் நான் பார்த்ததில்லை. லெட்சுமணன் வாசலுக்கு எதிரே, கதவை விட்டுக் கண்ணை எடுக்காமல் குந்தியிருந்தான். மற்ற ஆண்களுக்கு உள்ளே நடப்பது காதில் விழும். அவன் யாராவது வெளியே வந்தால்தான் அறிய முடியும்.

பிள்ளை பெண். சிறியது, பலமில்லாமல் அழுதது. தாயிடம் இரத்தமில்லாதபோது பிள்ளையிடம் எங்கிருந்து வரும். துடைத்து, துணியில் சுற்றி, வெளியே கொண்டுபோய் அவன் கையில் வைத்தேன். அழுகிறது என்பதைக் காட்ட அதன் வாயைத் தொட்டேன்.

“என்ன நெறம்?” என்று கேட்டான்.

படக்காரனுக்கு நிறம் சொல்லத் தேவையில்லை. துணியை விலக்கி, பிள்ளையின் கைக்குள் தன் விரலை நுழைத்து விரித்து, உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பினான். இரத்தம் ஓடுகிறதா, வெளிறியிருக்கிறதா என்று நிறைய நேரம் பார்த்தான். பிறகு பிள்ளையை மூக்காயியிடம் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போனான். நான் வேலையை முடித்து, கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவி வந்து பார்த்தபோது இடுப்பளவு தோண்டியிருந்தான்.

“என்னடா பண்ற?” என்று மூக்காயி கத்தினாள். அவன் நிமிரவில்லை.

நான் அவளுக்குச் சொன்னேன், கக்கூஸ் குழி என்று. அவள் பிள்ளையைப் பாலம்மாவிடம் வைத்துவிட்டு, ஒரு கூடையை எடுத்துக்கொண்டு மண் அள்ளப் போனாள்.